ஒரு முக்காற்புள்ளியும் என் இணையதளமும்

போன வாரம் எங்கள் துறை ஆய்வு மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, போஸ்ட் டாக் அப்ளிகேஷன்ல பெர்சனல் வெப்சைட் லிங்க் கேக்குறாங்க. ஃப்ரீயா எதுல போடலாம்? நீங்க எதுல வச்சிருக்கீங்க?"

இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் மறுபடியும், என் தளத்தில் செய்த மாற்றம் ஏறவில்லை என்று காட்டும் அந்தச் சிவப்புப் பெருக்கல் குறியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்கு வருடமாக கிட்ஹப் பேஜஸ்தான், நாம் ஏற்றும் கோப்புகளை இணையதளமாகக் காட்டும் சேவை. தளத்தைக் கட்டித் தரும் மென்பொருள் ஜெகில், அதன்மேல் ஆய்வாளர்களுக்கான அகாடெமிக்பேஜஸ் வார்ப்புரு. இலவசம், விளம்பரம் கிடையாது, ஒரு ஜிபி வரை இடம். என்னைப் போல கல்வெட்டுப் படியெடுத்துக் கட்டுரை எழுதுகிறவளுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. இதற்கு முன்னால் இழுத்துப் போட்டுக் கட்டுகிற வகைத் தளம் ஒன்று வைத்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது வேலை பார்த்த கல்லூரியின் மின்னஞ்சலில் கட்டிவிட்டேன். ஒப்பந்தம் முடிந்தது, கணக்கை மூடினார்கள், கணக்கோடு தளமும் போயிற்று. எதில் கட்டினாலும் சரி, சொந்த மின்னஞ்சலில் கட்டு என்று அவளுக்கு முதலில் அதைத்தான் எழுதினேன்.

சரி, முக்காற்புள்ளிக்கு, அதாவது கோலனுக்கு (:) வருகிறேன்.

இந்த வார்ப்புருவில் கட்டுரைக்கு ஒரு கோப்பு என்று வைப்பதுதான் முறை. நான் சோம்பேறி. எல்லாக் கட்டுரைகளின் விவரத்தையும் ஒரே யாமல் (YAML, தகவலை வரிவரியாக எழுதும் ஒரு வடிவம்) கோப்பில் பட்டியலாகப் போட்டேன், அதைப் பக்கத்தில் காட்டும் நிரலைத் தம்பி எழுதிக் கொடுத்தான். யாமலில் எழுதுவது சுலபம்: 'டைட்டில்' என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு தலைப்பு. அவ்வளவுதான். ஆனால் அந்தத் தலைப்புக்குள்ளேயே இன்னொரு முக்காற்புள்ளியும் இடைவெளியும் வந்தால் அதற்குத் தலை சுற்றிவிடும். 'மேப்பிங் வேல்யூஸ் ஆர் நாட் அலவ்ட்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும்.

முக்காற்புள்ளி இல்லாத ஆய்வுத் தலைப்பை யாராவது பார்த்திருக்கிறீர்களா? 'ஏரி வாரியம்: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் மறுவாசிப்பு'. இது என்னுடையது. முன்னால் கொஞ்சம் கவர்ச்சி, நடுவில் இரண்டு புள்ளி, பின்னால் விஷயம். எங்கள் தொழிலே அப்படித்தான் தலைப்பு வைக்கிறது. ஆய்வாளர்களுக்கென்று செய்த வார்ப்புரு, ஆய்வாளர்கள் விடாமல் போடுகிற ஒரே குறியில் போய்த் தடுக்கி விழுகிறது.

மேற்கோள்குறிக்குள் போட்டால் சரியாகிவிடும், தெரியும். போட்டேன். அப்போதும் சிவப்பு. தலைப்பை வேர்டிலிருந்து மேற்கோள்குறியோடு அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். வேர்ட் போடுவது வளைந்த மேற்கோள்குறி. யாமலுக்கு நேர்க்குறிதான் குறி, வளைந்தது வெறும் எழுத்து. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆயிற்று. தேய்ந்துபோன கல்லில் அது ரகரமா, துணைக்காலா என்று பார்க்கக்கூட அவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. புது மாற்றத்தோடு தளத்தைக் கட்டும் வேலை தோற்றாலும் தளம் விழாது, பழைய பக்கம் அப்படியே நிற்கும். கேட்க நல்ல குணம் மாதிரிதான் இருக்கிறது. போன வருடம் ஒரு நேர்காணலுக்கு முந்தின இரவு புதுக் கட்டுரையைச் சேர்த்துவிட்டு, தளத்தைத் திறந்து பார்த்தேன், பளிச்சென்று இருந்தது, நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். நான் பார்த்தது பழைய பக்கம். தோல்வி மின்னஞ்சல் எங்கோ அடியில் கிடந்தது. மறுநாள் குழுவில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஏரி வாரியக் கட்டுரை உங்க சைட்ல காணோமேம்மா" என்றார். என் தப்புதான். ஆனாலும் அந்த இரண்டு புள்ளியை நான் மன்னிக்கவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாமல் இருந்தால் நியாயமில்லை. கிட்ஹப்புக்கு அடியில் இருக்கும் 'கிட்' (Git) என்ற மென்பொருளில் நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு நிற்கிறது. எந்த வரியை எப்போது மாற்றினேன், மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது, எல்லாம் இருக்கும். உத்திரமேரூர்ச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒரு தேர்தல் விதியைச் சொல்கிறது. இரண்டே வருடத்தில், 921இல், அதைத் திருத்தி இன்னொன்று. பழையதை யாரும் செதுக்கி எடுக்கவில்லை, இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. அதனால்தான் என்ன திருத்தினார்கள் என்று நமக்குத் தெரிகிறது. என் தளத்தின் வரலாற்றுப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வரும். என்ன, அங்கே குடவோலை, இங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் எழுதிய குறிப்புகள்: 'கோலன் சரிசெய்தது', 'மறுபடி கோலன்', 'கடவுளே கோலன்'. இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் கோப்புகள் இருக்கும் களஞ்சியம் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும், ஆக இந்தப் புலம்பலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. யூனிகோடு என்பதால் தமிழ் ஏறுவதில் தொல்லை இல்லை. வார்ப்புரு இதழ்ப் பெயரைச் சாய்வெழுத்தில் போடும், அதுதான் கண்ணை உறுத்தும். சாய்ந்த தமிழ் எழுத்து, காற்றில் சரிந்த பலகாரக் கடை போர்டு மாதிரி இருக்கிறது. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நடைத்தாளில் (CSS) ஒரு வரி சேர்த்து நிமிர்த்திவிட்டேன். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கட்டுரைத் தலைப்புகளை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும், மறுபடி தட்டுங்கள், வேறு வழியில்லை.

பிற இலவச வழிகளையும் அவள் கேட்டிருந்தாள். விக்ஸ், வேர்ட்பிரஸ் டாட் காம் இரண்டிலும் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும், விண்ணப்பத்தில் தருகிற முகவரிக்கு அது வேண்டாம். கூகுள் சைட்ஸில் விளம்பரம் இல்லை, முகவரி மட்டும் கொஞ்சம் நீளம். கட்டுரைப் பட்டியலை வருடவாரியாகத் தானே அடுக்காது, கையால்தான் அடுக்க வேண்டும். தலைப்பில் எத்தனை முக்காற்புள்ளி வைத்தாலும் வாயைத் திறக்காது.

கடைசியில் அவளுக்கு எழுதியது: "கூகுள் சைட்ஸ் போதும்மா. ஞாயித்துக்கிழமை உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும். கிட்ஹப் பக்கம் வராத."

உடனே பதில் வந்தது: "அப்போ நீங்களும் மாறிருவீங்களாக்கா?"

ஏரி வாரியக் கட்டுரையின் தொடர்ச்சிக்கு மெய்ப்பு வந்திருக்கிறது. தலைப்பில் இந்த முறை இரண்டு முக்காற்புள்ளி. முதலில் அதை ஏற்றிப் பச்சை டிக் விழுகிறதா பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.