15ஆ 50ஆ: உச்சரிப்பு திருத்த வகுப்பா, ஆப்பா, நம் காதா?

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தபோது, கொரியாவிலிருந்து பேசிய வாடிக்கையாளரிடம் போனில் 'ஃபிஃப்டீன் பாக்ஸ்' என்றேன். மறுநாள் மெயிலில் 50 என்று எழுதி உறுதி கேட்டிருந்தார். மேனேஜரிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. 'அவன்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி 'ன்' மூக்கில் கரைந்துவிடும், நாக்கு மேலே போய் ஒட்டாது. அதே பழக்கத்தில் ஃபிஃப்டீனைச் சொன்னால் வால் அறுந்துவிடும். கூடவே அழுத்தத்தை 'டீன்' மேல் போடாமல் 'ஃபிஃப்' மேல் போட்டால், கேட்பவருக்கு அது ஃபிஃப்டியேதான்.

சரி, திருத்த என்ன வழி? மூன்றையும் பார்த்துவிட்டேன்.

முதலில் வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி வகுப்பு. முப்பது பேர், ஒரு மைக். வாய் திறக்கும் பயம் அங்கேதான் போனது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் உச்சரிப்பு? 'வாட்டர்' என்பதை அமெரிக்கர் மாதிரி 'வாடர்' ஆக்கச் சொன்னார் சார். 'திங்க்', 'தட்' இரண்டுக்கும் பல்லிடுக்கில் நாக்கை நீட்டியே ஒரு வாரம் போனது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசும்போது எது புரிகிறது, எது இடறுகிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், அந்த 'த' ஒலி புரிதலுக்கு அவசியமில்லை என்று 2000இலேயே எழுதிவிட்டார். அவசியம் என்று அவர் சொன்னவற்றில் இரண்டு நமக்கு அப்படியே பொருந்தும்: உயிரொலியின் நெடில் குறில், சொல் முதலில் வரும் ப, ட, க ஒலிகளோடு வரும் மூச்சு. உதட்டுக்கு முன் ஒரு துண்டுப் பேப்பரைப் பிடித்து 'பின்' என்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள், பேப்பர் ஆட வேண்டும். நம் 'பல்லி'க்கு ஆடாது. ஆடாவிட்டால் ஆங்கிலேயர் காதில் அது குண்டூசி (pin) இல்லை, குப்பைத்தொட்டி (bin).

அடுத்து ஆப். எல்சா மாதிரியானவை நாம் பேசுவதைக் கேட்டு மதிப்பெண் போடும். நூறு தடவை தப்பு செய்தாலும் சிரிக்காது. நம் பக்கத்துத் தமிழையே 'இஸ்துகினு' என்று கேலி செய்து பழகிய ஊரில் இது பெரிய விஷயம். ஆனால் மார்க்குக்காக ஒரு சொல்லையே உருட்டிக்கொண்டிருப்போம். வாக்கியம் வந்தால் பழைய குருடி கதவைத் திறடி. புதுச் சொல்லுக்கு அழுத்தம் எங்கே என்று பார்க்க, கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினாலே போதும். அதற்குக் காசும் இல்லை.

மூன்றாவது, என் ஓட்டு இதற்குத்தான்: பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' என்ற ஒலி நிகழ்ச்சி. பேசுவதன் எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். இருபது வினாடித் துண்டு ஒன்றை எடுத்துப் பலமுறை கேட்பது, கூடவே பேசுவது, அப்புறம் போனில் பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஓடாத நேரமே கிடையாது, அதனால் போர்வைக்குள் புகுந்துதான் பதிவேன். முதல் நாள் என் குரலைக் கேட்டுக் கூசிப்போனேன். 'டிரக்கு', 'பேக்கு', 'கேட்டு' என்று எல்லாச் சொல்லுக்கும் ஓர் 'உ' வால். 'எக்' கேட்டால் 'யெக்', 'ஓல்ட்' கேட்டால் 'வோல்ட்'. வகுப்பிலும் இதை யாரும் சொல்லவில்லை, ஆப்பும் சொல்லவில்லை. வகுப்பில் சொல்ல ஆளும் இல்லை. சாருக்கும் அதே 'உ' இருந்தது.

இதில் ஒரே சிக்கல் சோம்பல். இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் போர்வை தூங்கத்தான் பயன்படும். பயம் போகாதவர் முதலில் வகுப்பில் ஒரு மாதம் உட்காருவதே நல்லது.

எனக்கு 'உ' வால் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கொரியக்காரரிடம் ஃபிஃப்டீன் சொன்னால், பின்னாலேயே 'ஒன் ஃபைவ்' என்று இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.