கெஸ்ட் பங்கா, பொதுக் கணக்கா?

பழைய லினக்ஸ் கணினியை அலுவலகத்துக்கு ஃபைல் சர்வராக்க, சாம்பாவில் (லினக்ஸ் ஃபோல்டர்களை விண்டோஸ் கணினிகளுடன் பகிரும் மென்பொருள்) கெஸ்ட் பங்கு, அதாவது கடவுச்சொல் இல்லாமல் யாரும் திறக்கக்கூடிய பகிர்வு ஃபோல்டர், திறப்பதுதான் சுலபம். கான்ஃபிக் கோப்பில் 'மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்', பங்கின் கீழே 'கெஸ்ட் ஓகே = எஸ்'. கெஸ்ட்டாக வருபவரை லினக்ஸ் 'நோபடி' என்ற பயனராகவே பார்க்கும்; அதனால் ஃபோல்டரில் எழுத அந்தப் பயனருக்கு அனுமதி வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஆனால் விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்பு கெஸ்ட் நுழைவைத் தானாகவே மறுத்துவிடும். அந்தத் தடையை நீக்கலாம், நான் நீக்க மாட்டேன்: கெஸ்ட் இணைப்பில், தரவை வழியில் யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்யும் கையொப்பமும் இல்லை, பிறர் படிக்காமல் காக்கும் குறியாக்கமும் இல்லை.

அதனால் என் தேர்வு, எல்லோருக்கும் ஒரே பொதுக் கணக்கு. ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை கடவுச்சொல்லைத் தட்டி, 'நினைவில் வை' என்பதை டிக் செய்தால் போதும். அப்புறம் யாரையும் கேட்காது.

பிரிண்டருக்கு இந்தக் கவலையே வேண்டாம். லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் 631-ஆம் போர்ட்டில் கடவுச்சொல் இல்லாமலே அச்சடிக்கும்; அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.