கரிசல் மண்ணுக்கு எந்தக் கன்ட்ரோலர்? வடக்கு டெக்ஸாஸ் புல்தரைக்கு ஓர் ஒப்பீடு

போன ஜூலையில் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அப்பா, ப்ளேனோவில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, புல்லுக்கு நடுவே வெடித்துக் கிடந்த பிளவுக்குள் விரலை விட்டார். ஒரு கட்டியைப் பெயர்த்து உள்ளங்கையில் உடைத்துப் பார்த்தவர், "நம்ம கரிசல்லாய்யா இது!" என்றார். அன்று விடிகாலை ஸ்பிரிங்க்ளர் ஓடியபோது, தண்ணீர் நடைபாதையில் வழிந்து தெருச் சாக்கடையில் இறங்கியதையும் அவர் பார்த்திருந்தார். "இதுக்கு மொத்தமா விட்டா நிக்காது. கொஞ்சம் விட்டு, ஊறவிட்டு, திரும்ப விடணும்."

மண்ணியல் கணக்கிலும் அப்பா சொன்னது சரி. டல்லாஸ் பக்கத்துக் கருமண்ணும் கோவில்பட்டிக் கரிசலும் வெர்டிசால் என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. இங்கே அதில் பேர்பெற்றது ஹூஸ்டன் பிளாக் என்ற மண். அங்கேயும் பருத்தி, இங்கேயும் பருத்தி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பழைய டைமரைக் கழற்றிவிட்டு, வானிலை பார்த்து ஸ்பிரிங்க்ளரைத் தானே ஓட்டும் ஸ்மார்ட் கன்ட்ரோலர் வாங்கலாம் என்று இரண்டு மாதம் அலசியபோது, கடைசியில் முடிவைச் சொன்னது இந்த மண்தான். ஆப்பின் அழகைப் பார்த்து வாங்கியவர்கள் என்னைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலில் மண்ணைப் பாருங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்லி வருகிறேன்.

கணக்கு இதுதான். தரையிலிருந்து எழும்பும் சாதாரண ஸ்பிரே தலை, மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் தண்ணீர் கொட்டும். கரிசலைப்போன்ற களிமண் ஈரமாக இருந்தால் மணிக்கு 0.2 அங்குலம்கூட உறிஞ்சத் திணறும். அரை அங்குலம் வேண்டுமென்று 20 நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டால், ஐந்தாறு நிமிடத்துக்குப் பிறகு விழுவதெல்லாம் தெருவுக்குத்தான். ஆயிரம் சதுர அடியில் ஓர் அங்குலம் என்பது 623 கேலன், அதாவது ஏறத்தாழ 2,360 லிட்டர். அதில் பாதி வழிந்தோடினால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே 20 நிமிடத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டுக் கொடுத்தால் வேருக்குப் போய்ச் சேரும். இதை 'சைக்கிள் அண்ட் சோக்' என்பார்கள். இந்த ஊரில் கன்ட்ரோலர் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, இதை அது தானாகச் செய்யுமா என்பதுதான்.

இரண்டாவது விஷயம் நகராட்சி விதி. கோடையில் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் ஸ்பிரிங்க்ளர் கூடாது, காலை 10 முதல் மாலை 6 வரை ஓடவே கூடாது என்பதுபோன்ற கட்டுப்பாடுகள் இந்த வட்டாரத்தில் பழகிப்போனவை. கருவி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் இந்த வேலிக்குள்தான் அது ஓட முடியும்.

அந்த வேலிதான் ராச்சியோ 3-ஐ நான் தள்ளிவைக்கக் காரணம். டென்வர் நிறுவனத்தின் கருவி, 2018-இல் 8, 16 ஜோன்களுக்கென வந்தது. ஜோன் என்பது ஒரே வால்வில் ஓடும் தலைகளின் கூட்டம். அமைப்பதற்கு இவ்வளவு எளிதான ஆப்பை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஜோனுக்கும் மண், சரிவு, வெயில், தலையின் வகை என்று கேட்டுக்கேட்டு வாங்கிக்கொள்ளும். களிமண் என்று சொன்னால் ஊறவிடும் இடைவெளியைத் தானே போட்டுவிடும். மழை, காற்று, உறைபனி மூன்றுக்கும் தனித்தனியாக நிறுத்தத் தெரியும். இதன் உச்சம் ஃப்ளெக்ஸ் டெய்லி அட்டவணை. அது மண்ணை ஒரு பாஸ்புக்போல வைத்துக்கொண்டு, மழையை வரவாகவும் வெயில் குடித்ததைச் செலவாகவும் எழுதி, இருப்பு குறைந்த நாளில் மட்டும் தண்ணீர் விடும். அருமையான யோசனை. ஆனால் எந்த நாளில் விடுவது என்று தீர்மானிப்பதுதான் அதன் பலம். நமக்கோ அந்த நாளை நகராட்சி தீர்மானித்துவிடுகிறது. தடை நாள்களை ஆப்பில் போட்டுவைக்கலாம், அதுவும் மதிக்கும். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய அறிவில் பாதி சும்மா கிடக்கும். பெட்டியில் திரையும் கிடையாது. முகப்புப் பொத்தானை அழுத்தி ஒரு ஜோனை ஓட்டலாமே தவிர, இன்று எது ஓடும், எப்போது ஓடும் என்பது போனில்தான் தெரியும். வாரத்தில் பாதி நாள் வெளியூர் வேலை, வீட்டில் பெரியவர்கள் என்றிருக்கும் எங்கள் வீட்டுக்கு அது சரிப்படாது. தண்ணீர்க் கட்டுப்பாடு இல்லாத ஊரில், எல்லாரும் போனில் புழங்கும் வீட்டுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

பி-ஹைவ், யூட்டாவின் ஆர்பிட் நிறுவனத்தினுடையது. 2021-இல் ஹஸ்க்வார்னா அதை வாங்கியது. விலை ராச்சியோவில் ஏறக்குறையப் பாதி. சுவரிலேயே திரை உண்டு, ஊறவிடும் வசதியும் உண்டு. நாலைந்து ஜோன், சின்ன முற்றம் என்றால் இதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. கராஜில் வைஃபை நன்றாக எட்டுகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெயின் பேர்டு எல்லாருக்கும் தெரிந்த பெயர். 1933-இல் கலிபோர்னியாவின் கிளெண்டோராவில், அந்த 'டிக் டிக்' என்று தட்டிச் சுழலும் தலையோடு தொடங்கிய கம்பெனி. இவர்களுடைய இ.எஸ்.பி-டி.எம்.2 ஒரு திருகுக் கட்டையும் திரையும் உள்ள பழைய பாணிப் பெட்டி, எல்.என்.கே. என்ற சின்னத் துண்டைச் செருகினால் வைஃபை வந்துவிடும். வானிலை பார்த்து ஓடும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். இதில் ஊறவிடுவதை நாமேதான் அமைக்க வேண்டும்: ஒரு புரோகிராமுக்கு நான்கு தொடக்க நேரம் போடலாம், அதிகாலை 2, 3, 4, 5 என்று போட்டு ஜோனுக்கு ஐந்து ஐந்து நிமிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. நெட் இல்லாவிட்டாலும், போனே இல்லாவிட்டாலும் திருகத் தெரிந்தவர் ஓட்டலாம். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் வாங்கியது ஹன்டரின் ப்ரோ-எச்.சி. ஹைட்ராவைஸ் என்ற மென்பொருளில் ஓடுவது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹைட்ராவைஸை ஹன்டர் 2016-இல் வாங்கியது. தொடுதிரை இருப்பதால் அப்பா சுவரிலேயே எல்லாம் பார்த்துக்கொண்டார். ஊறவிடும் வசதியும் உண்டு. ஆனால் நான் இதை எடுத்ததற்குக் காரணம் வேறு.

அதற்கு முந்தைய கோடையில் எங்கள் முன்பக்கப் புல் மூன்று வாரத்தில் சாம்பல் பூத்துச் சுருண்டுபோனது. செயின்ட் அகஸ்டின் புல் தாகத்தில் அப்படித்தான் ஆகும். பழைய டைமரோ அந்த ஜோன் ஓடுவதாகவே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் வால்வுப் பெட்டியின் மூடியைத் திறந்து சேற்றைத் தோண்டினால், கம்பி இணைப்பு இழுபட்டு விலகி, செம்பு பச்சை பிடித்துக் கிடக்கிறது. மண் உப்பிச் சுருங்கும்போது புதைத்த கம்பியையும் பி.வி.சி. மூட்டையும் சேர்த்து இழுக்கிறது. ப்ரோ-எச்.சி. ஒவ்வொரு வால்வுக்கும் போகும் மின்னோட்டத்தை மில்லிஆம்பியரில் அளக்கும். கம்பி அறுந்தாலோ, வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளான சோலனாய்டு எரிந்தாலோ அன்றைக்கே போனுக்குச் செய்தி வந்துவிடும். குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் ஃப்ளோ மீட்டரும் பொருத்தினால் குழாய் உடைந்து தண்ணீர் கூடுதலாகப் போவதையும் சொல்லும். வானிலையை எல்லாக் கருவியும் பார்க்கிறது. பூமிக்கடியில் நடப்பதைப் பார்க்கும் கருவிதான் கரிசலுக்குத் தேவை.

குறையும் உண்டு. ஆப்பின் மெனு சிக்கலானது, முதல் நாள் முழுக்க உட்கார வேண்டியிருந்தது. விலையும் மற்றவற்றைவிடக் கூடுதல், ஃப்ளோ மீட்டர் தனிச் செலவு. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஓப்பன்ஸ்பிரிங்க்ளரையும் பார்க்கலாம். திறந்த மூலக் கருவி, எந்த கம்பெனி சர்வரையும் நம்பாமல் வீட்டு நெட்வொர்க்கிலேயே ஓடும்.

எதை வாங்கினாலும் கூரை ஓரத்தில் ஒரு மழை சென்சார் மாட்டுங்கள். உள்ளே இருக்கும் வில்லைகள் நனைந்து உப்பினால் இணைப்பைத் துண்டிக்கும், அவ்வளவுதான் அதன் நுட்பம். ஆனால் இங்கத்திய இடிமழை ஒரு தெருவில் கொட்டி அடுத்த தெருவில் தூறாமல் போகும். சில மைல் தள்ளியிருக்கும் வானிலை நிலையத்துக்கு உங்கள் வீட்டு மழை தெரியாது.

அஸ்திவாரத்தையும் மறந்துவிடக் கூடாது. மண் சுருங்கி கான்கிரீட் தளத்தைவிட்டு விலகினால் சுவரில் விரிசல் விழும். அதனால்தான் இங்கே வீட்டைச் சுற்றிச் சொட்டுக் குழாய் போடுகிறார்கள். அந்த ஜோனைப் புல்லோடு சேர்க்காதீர்கள். புல்லுக்குப் போதுமான சின்ன மழை, மேலே கூரை நீட்டிக்கொண்டிருக்கும் சுவரோரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. அதற்குத் தனி அட்டவணை வேண்டும்; நான்கு கருவியிலும் அது முடியும்.

அமைக்கும்போது தலை எவ்வளவு கொட்டுகிறது என்று எல்லா ஆப்பும் ஓர் உத்தேச எண்ணை வைத்திருக்கும். அதை நம்பாமல் அளந்துவிடுங்கள். அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பாக்கள் எட்டை அம்மா எடுத்துக் கொடுத்தார். புல்லில் பரப்பி, 15 நிமிடம் ஓடவிட்டு, பையனின் ஸ்கேலால் அளந்தோம். வேலியோரத்து டப்பாவில் அரை அங்குலம், நடுவில் இருந்ததில் அதில் பாதிகூட இல்லை. ஒரு தலை சாய்ந்து வேலியை நனைத்துக்கொண்டிருந்தது. அதை நிமிர்த்தியது எந்த கன்ட்ரோலராலும் ஆகாத வேலை.

டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப் நடத்தும் 'வாட்டர் மை யார்டு' என்ற இலவசச் சேவை, இந்த வாரம் உங்கள் புல்லுக்குத் தண்ணீர் தேவையா என்று சொல்லும். காசு சேரும்வரை பழைய டைமரோடு அதை வைத்து ஒரு பருவத்தை ஓட்டலாம். பல நகரங்களில் ஸ்மார்ட் கன்ட்ரோலருக்கு ரிபேட் உண்டு, அதாவது விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள். எந்த மாடலுக்கு என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பழைய பெட்டியைக் கழற்றுவதற்கு முன் மூடியைத் திறந்து கம்பிகளை எண்ணுங்கள். எண் போட்ட ஓட்டைகளில் இருப்பவை ஜோன்கள், 'சி' என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான கம்பி, 'எம்' இருந்தால் எல்லா ஜோனுக்கும் முன்னால் இருக்கும் மாஸ்டர் வால்வு. எல்லாம் 24 வோல்ட்தான். ஆனாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு போட்டோ எடுத்து, ஒவ்வொரு கம்பியிலும் டேப் ஒட்டி எண் எழுதிய பிறகே திருப்புளியைக் கையில் எடுங்கள்.