கால் குடைச்சலா? இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்காமல் மாத்திரையைத் தொடங்காதீர்கள்

படுத்ததும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறதா? எழுந்து நடந்தால் அடங்கி, படுத்தால் மறுபடி தொடங்குகிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

நான் போனது பெயர் பெற்ற நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம். சொல்லி முடிப்பதற்குள் ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ (காலைச் சும்மா வைத்திருக்க விடாத நோய்) என்று எழுதி, பிராமிபெக்சோல் என்ற மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்ற கேள்வி இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. அந்த வாரமே அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். இந்த மாத்திரையின் வசியமே அதுதான்.

சில மாதங்கள் போனதும், படுக்கும்போது மட்டும் வந்த குடைச்சல் சாயங்காலமே வர ஆரம்பித்தது. அப்புறம் மதியம். கைகளுக்கும் ஏறியது. “நோய் முற்றுகிறது” என்று டோஸைக் கூட்டினார். கொஞ்ச நாள் சரியாக இருக்கும், பிறகு முன்பைவிட மோசமாகும், மறுபடி கூட்டுவார். இது அந்த நோய்தானா என்று கேட்டதற்கு, “இன்டர்நெட்டில் படித்துவிட்டு வராதீர்கள்” என்றார்.

இன்னொருவரிடம் போனேன். அவர் கேள்வி கேட்டே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். சும்மா இருக்கும்போது அதிகமா, அசைத்தால் குறைகிறதா, இரவில்தான் கூடுகிறதா, தசைப்பிடிப்பா, பாதத்தில் மரத்துப்போகிறதா, வாந்தி மாத்திரையோ மனநல மாத்திரையோ உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சில வாந்தி மாத்திரைகளும் மனநல மாத்திரைகளும் உட்காரவிடாத தவிப்பைத் தருமாம், அதையும் இந்த நோய் என்று நினைத்துவிடுவார்களாம்.

கடைசியில், நோயின் பெயர் சரிதான், வைத்தியம்தான் தப்பு என்றார். குடைச்சல் நேரம் முந்தி வருவதும் கைக்குப் பரவுவதும் அந்த மாத்திரையே செய்யும் வேலை. ‘ஆக்மென்டேஷன்’ என்பார்கள். டோஸைக் கூட்டுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். பிராமிபெக்சோல், ரோபினிரோல் வகையை வழக்கமான முதல் மருந்தாகத் தர வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் புது வழிகாட்டுதலே சொல்கிறது. சூதாட்டம், கட்டுப்பாடில்லாமல் பொருள் வாங்குவது போன்ற பழக்கங்களையும் சிலருக்கு இது கிளப்பிவிடும். அதைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் ஃபெரிட்டின் 22. ஆய்வகத் தாளில் அது ‘நார்மல்’. ஆனால் இந்த நோய்க்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்க்கிறார்கள். தூக்கத்துக்காக நான் போட்டுவந்த அலர்ஜி மாத்திரையும் குடைச்சலைக் கூட்டும் ரகம், அதை நிறுத்தச் சொன்னார். இரும்பு மாத்திரையும் கபாபென்டின் என்ற நரம்பு மாத்திரையும் தொடங்கி, பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், குடைச்சல் பல மடங்காகத் திரும்பி வரும். குறைத்த நாட்களே எனக்கு நரகமாக இருந்தன.

இப்போது பெரும்பாலும் விடியும்வரை தூங்குகிறேன். பழைய மருத்துவரிடம் ஃபெரிட்டின் அறிக்கையைக் காட்டினேன். “நார்மல்தானே” என்று திருப்பிக் கொடுத்தார்.