கிழிக்கிற காலண்டரும் ஒரு வரி டைரியும்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

போன், மிக்ஸி, வாஷிங் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் ‘வாங்கி ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறது’ என்று எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது காசு கொடுக்காமலே வீட்டுக்கு வந்த இரண்டு பொருள்களைப் பற்றி. ஒன்று, மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர். சாமி படம் போட்ட அட்டை, கீழே கடையின் பெயர், தகரப் பட்டியில் பிடித்த தாள் கட்டு. இன்னொன்று, இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் புத்தாண்டுக்குத் தந்த டைரி. இரண்டையும் சேர்த்துச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கடையும் ஏஜெண்டும் மாறியிருக்கிறார்கள், முறை மாறவில்லை.

முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் தாளைக் கிழிக்கும்போது, ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்கத் தோன்றுகிற ஏதாவது ஒன்றைப் பென்சிலால் சுழித்துக்கொள்வேன். தாள் சட்டைப்பைக்குள் போய்விடும். பகலில் ஒழிந்த நேரத்தில் தேடுவது, யாரிடமாவது கேட்பது. ராத்திரி சாப்பிட்ட பிறகு டைரியில் ஒரு வரி எழுதுவது. இரண்டாவது வரி எழுதக்கூடாது.

இதற்கு முன்னால் க்விஸ் ஆப்கள் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். கேள்வி, நான்கு விடை, ஓடுகிற கடிகாரம், சரியாகச் சொன்னால் திரையில் வாணவேடிக்கை. ‘தொடர்ந்து இத்தனை நாள்’ என்று ஒரு கணக்கு வேறு. ஒரு நாள் விட்டால் பூஜ்யம். அந்தக் கணக்கு உடையக்கூடாது என்பதற்காகவே கல்யாண மண்டபத்துப் பந்தியில் இலை போட்ட பிறகும் போனைத் தடவிக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேள்விகளில் பாதி அமெரிக்க பேஸ்பால். பர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகு என்பது அதில் கற்றது, இன்னும் மறக்கவில்லை. அந்த ஊர் மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால் விடை சொன்ன உடனே விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது, அடுத்த கேள்வி வந்து நிற்கிறது.

வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ நினைவிருக்கும். காலையில் சில நிமிடம், ஒரே ஒரு விஷயம், முடிக்கும்போது ஒரு குட்டி நகைச்சுவைக் கதை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவர் குரலில் சிரிப்பு இருக்காது. 2009-ல் மறைந்துவிட்டார். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்ற அளவு அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய ஆப்களுக்கு அதுதான் தெரியவில்லை.

சரி, காலண்டருக்கு வருகிறேன். தாளின் பின்பக்கம் போடுகிற ‘உங்களுக்குத் தெரியுமா’ சமாச்சாரங்களைவிட, முன்பக்கத்துப் பஞ்சாங்கக் கட்டங்களில்தான் அதிகச் சரக்கு இருக்கிறது என்பது என் அனுபவம். யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஜூலை மாதம், ஆனி 32 என்று தாளில் இருந்தது. முப்பத்திரண்டாம் தேதியா என்று அம்மாவிடம் கேட்டேன். “ஆனின்னா 32 வரும்டா. மார்கழி சில வருசம் 29-லயே முடிஞ்சிரும். அதுக்கென்ன இப்ப?” என்றார். சுழித்துவிட்டேன். தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுக்கிற காலம். பன்னிரண்டு ராசியும் ஒரே அகலம், 30 பாகை. அப்படியானால் ஒரு மாதத்துக்கு மட்டும் ஏன் கூடுதல் நாள்? பூமி சூரியனைச் சுற்றுகிற பாதை சரியான வட்டமல்ல. ஜூலை முதல் வாரத்தில் நாம் சூரியனிலிருந்து சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில் இருக்கிறோம், ஜனவரி முதல் வாரத்தில் சுமார் 14.7 கோடியில். தூரத்தில் இருக்கும்போது பூமி மெதுவாக, விநாடிக்கு 29.3 கி.மீ. வேகத்தில் போகிறது, கிட்டத்தில் வரும்போது 30.3 கி.மீ. அதனால்தான் வைகாசி, ஆனி, ஆடி மாதங்கள் 31, 32 நாள் வரைக்கும் இழுக்கின்றன. கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் 29, 30-ல் முடிகின்றன.

வானியலாளர் கெப்ளர் 1609-ல் வெளியிட்ட விதி இது. சூரியனின் வேகம் சீராக இல்லை என்பதை நம் பஞ்சாங்கக்காரர்கள் அதற்கு ஆயிரம் வருடம் முன்பே வேறு கணக்கில் பிடித்துவிட்டார்கள், கிரேக்கர்களும்தான். ‘எல்லாம் நம்மிடமே இருந்தது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதற்காகச் சொல்லவில்லை. மளிகைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த தாளில் பூமியின் வேகம் அச்சாகியிருக்கிறது என்பது எனக்கு அன்றைக்கு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. அன்றைய டைரி வரி: “மார்கழியில் விடியற்காலை கோலம் போடும்போது குளிரில் கை விறைக்கிறது, சூரியனோ ஆடியில் இருந்ததைவிட 50 லட்சம் கி.மீ. பக்கத்தில்.” குளிருக்குக் காரணம் தூரமல்ல, பூமியின் சாய்வு என்பதை அடுத்த நாள் வரியில் எழுதினேன்.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது ஓரை அட்டவணை, அதாவது எந்த மணி நேரம் எந்தக் கிரகத்துக்கு என்று போடுகிற பட்டியல். காலண்டர் அட்டையின் பின்புறமோ தாள் கட்டின் முதல் பக்கங்களிலோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குச் சூரியன், 7-க்குச் சுக்கிரன், 8-க்குப் புதன், பிறகு சந்திரன், சனி, குரு, செவ்வாய், மறுபடியும் சூரியன். இந்த வரிசை எங்கிருந்து வந்தது? சனியிலிருந்து எண்ணிப் பாருங்கள்: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். வானத்தில் மெதுவாக நகர்கிறதில் தொடங்கி வேகமாக நகர்கிறது வரைக்கும் பழங்காலத்தார் அடுக்கிய வரிசை. சனி ஒரு சுற்று வர 29 வருடத்துக்கு மேல் ஆகும், சந்திரனுக்கு 27 நாள்தான்.

பென்சிலை எடுத்து ஒரு நாளின் 24 மணிக்கும் இந்த ஏழையும் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். மூன்று முறை முழுச் சுற்று முடிந்து மூன்று மணி மிச்சம் நிற்கிறது. ஆகவே மறுநாள் காலை 6 மணிக்கு வருகிறவர் சந்திரன். அன்றைக்குத் திங்கட்கிழமை. அங்கிருந்து மறுபடி 24 மணி தள்ளினால் செவ்வாய், அடுத்து புதன். கிழமைகள் ஏன் இந்த வரிசையில் இருக்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. சமையல்கட்டு மேடையில் வைத்துப் போட்ட கூட்டல் கணக்கில் அது வந்து நின்றது. இந்த வருடங்களில் கிடைத்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேட்கிறவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நான் நல்ல நேரம் பார்த்து எதையும் ஆரம்பிக்கிறவனில்லை. அம்மா பார்ப்பார். ‘திருவிழா சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்று ராகு கால வரிசையைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று முதலெழுத்துகளைப் பிடித்துக்கொண்டு 7.30-லிருந்து ஒன்றரை மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். காலண்டரைப் படிக்க நம்பிக்கை தேவையில்லை, நம்பிக்கை இருந்தால் தொந்தரவும் இல்லை. வீட்டில் இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்க்கிறோம், வேறு வேறு காரணத்துக்கு.

திருக்கணிதம், வாக்கியம் என்ற இரண்டு பஞ்சாங்க முறைகளின் பெயர்களையும் ரொம்ப நாள் சும்மா கடந்து போய்க்கொண்டிருந்தேன். 2023-ல்தான் சுழித்தேன். அந்த வருடம் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. ஒரே கிரகம், பதினோரு மாத வித்தியாசம்! வாக்கிய முறை பழைய சூத்திரங்களை வைத்துக் கணக்கிடுவது. சந்திரனுக்கு மட்டும் 248 நாளுக்கு 248 வாக்கியங்கள் உண்டு, வரருசி செய்தவை என்பது மரபு. திருக்கணிதம் வானத்தில் பார்த்த நிலைக்கு ஏற்பத் திருத்திய கணக்கு.

இதைத் தேடிப் போன இடத்தில்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி கிடைத்தார். மெட்ராஸ் வானாய்வகத்தில் உதவியாளர். 1867-ல் ஒளி மாறுகிற விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர், 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினர். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்னவென்று சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி நம் மொழிகள் சிலவற்றில் சிறு நூல் போட்டார். பஞ்சாங்கத்தைப் பார்வைக் கணக்குக்குத் திருத்த வேண்டும் என்று வாதாடி, அப்படி ஒரு பஞ்சாங்கமும் வெளியிட்டார். அவர் பெயரில் ஒரு தெருகூட என் கண்ணில் பட்டதில்லை. ஒரு வரியில் அடக்க முடியாமல் நான் திணறிய நாள் அது.

பின்பக்கத் துணுக்குகளில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும், மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம், இந்த இலையைத் தின்றால் சர்க்கரை ஓடிப்போகும் எல்லாம் அங்கே கூசாமல் வரும். முதல் இரண்டும் பொய், மூன்றாவதை டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடா வருடம் வருகிற ‘நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகிலேயே சிறந்ததாக அறிவித்தது’ ரகம் இது. காலண்டர் குறையில் முதலாவது இதுதான். ஆதாரம் என்று ஒரு வார்த்தை இருக்காது.

ஆனால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடிகிற துணுக்கு வந்தால் விடுவதில்லை. ‘தேங்காயின் மூன்று கண்களில் ஒன்றுதான் முளைக்கும்’ என்று ஒரு நாள் போட்டிருந்தது. குடுமியைப் பிய்த்துவிட்டுக் கோணி ஊசியால் மகள் குத்திப் பார்த்தாள். முதல் கண் கல் மாதிரி இருந்தது, ஊசி வழுக்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் சதக்கென்று இறங்கி, ஊசியை எடுத்ததும் தண்ணீர் கசிந்தது. தேங்காய்ப் பூவின் சூலகத்தில் மூன்று அறைகள் இருந்தாலும் ஒன்றுதான் விதையாகிறது, அதன் முளை இருக்கிற கண் மட்டும் மெத்தென்று இருக்கிறது. “அப்பா, மத்த ரெண்டும் சும்மாவா?” என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். அதிலிருந்து தேங்காய் உடைக்கிற வேலை அவளுடையதாகிவிட்டது. உடைப்பதற்கு முன் அந்த ஒரு கண்ணைக் கண்டுபிடித்தாக வேண்டும், சட்னிக்கு எவ்வளவு அவசரமானாலும் சரி. ‘வா, உனக்கு ஒரு பொது அறிவு சொல்கிறேன்’ என்று கூப்பிட்டபோதெல்லாம் வராத பிள்ளை.

காலண்டர் சப்பென்று இருக்கிற நாட்களில் தமிழ் விக்கிப்பீடியாவின் முதல் பக்கம் கைகொடுக்கும். ‘இன்றைய நாளில்’ பகுதியில் பெரும்பாலும் போர், கவிழ்ப்பு, விபத்து என்றுதான் இருக்கும், காலை காப்பிக்கு ஒத்துவராது. தேதியை வைத்துக்கொண்டு நாமே தோண்டுவது நல்லது. அப்படித்தான் ஏப்ரல் 10-ல் 1802 வந்தது. அன்றுதான் வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு, அளக்க ஆரம்பித்தார். சுமார் 12 கிலோமீட்டர், எஃகுச் சங்கிலி வைத்து. இமயமலை வரைக்கும் போன இந்திய நில அளவை அந்தக் கோட்டின் மேல் கட்டியது. அந்தப் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

டைரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘இன்று நான் நன்றியோடு நினைக்கும் மூன்று விஷயங்கள்’ வகை நோட்டுகள் கடையில் கிடைக்கின்றன. எனக்கு அது வீட்டுப்பாடமாகிவிட்டது. மூன்றாவது இடத்தில் எப்போதும் ‘குடும்பம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வரி முறையில் அந்தச் சங்கடம் இல்லை. அன்றைக்குத் தெரிந்துகொண்டது, அதைப் பார்த்த இடம், சொன்ன ஆள் இவற்றில் ஏதோ ஒன்று வந்துவிடும். “நவம்பர் பாதி தாண்டியதும் சூரியன் சீக்கிரம் மறைவது நின்றுவிடுகிறது, டிசம்பர் 21-க்குக் காத்திருப்பதில்லை. பக்கத்து வீட்டு அத்தை நம்பவில்லை, தாள்களை எடுத்துக் காட்டினேன்.” “இன்று ஒன்றுமில்லை. கரண்ட் இல்லை. கொசு.” இந்த இரண்டாவது வகை நிறைய உண்டு, அதுவும் இருக்கட்டும். பழைய வருட டைரியைப் புரட்டும்போது உலகின் மிகப் பெரியது, மிக உயரமானது என்று எழுதிய வரிகள் செத்துக் கிடக்கின்றன. எங்கள் சமையல்கட்டையோ தெருவையோ தொட்ட வரி மட்டும் படித்த உடனே அந்த நாளைத் திரும்பக் கொண்டுவருகிறது. வயதாக ஆக மாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன என்று புலம்புகிற ஆள் நான். டைரி எழுதிய வருடங்களில் அந்தப் புலம்பல் குறைந்திருக்கிறது.

மற்ற குறைகள்: தாள் மட்டமானது, பேனா மை ஊறும், பென்சில்தான் சரி. ராசிபலன் ‘வரவு’, ‘செலவு’, ‘கவனம்’ என்று ஒற்றைச் சொல்லில் இருக்கும், எந்த ராசிக்கும் பொருந்தும். ஊருக்குப் போய்த் திரும்பினால் ஒரு கொத்துத் தாளைச் சேர்த்துக் கிழிக்க வேண்டியிருக்கும். அதில் ஏதாவது ஒன்றைச் சுழித்துவிட்டு மற்றதை விட்டுவிடுவேன், பாக்கி வைத்துப் படிப்பதில்லை. அம்மாவுக்கு என் மேல் உள்ள குறை, திருநீறு மடிக்கவும் பால் கணக்கு எழுதவும் தாள் மிஞ்சுவதில்லை என்பது.

தொடங்க நினைப்பவர்களுக்கு: சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்றே வந்துவிடுகின்றன, கடைகள் அதற்குப் பிறகுதான் ஆர்டர் கொடுப்பார்கள். வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பெரிய சைஸ் கிடைக்கும். சூரிய உதயம், அஸ்தமனம், ஓரை மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாமி படமும் ராசிபலனும் மட்டும் பெரிதாக இருந்தால், வேறு இருக்கிறதா அண்ணாச்சி என்று கூச்சப்படாமல் கேட்கலாம், கொடுப்பார்கள்.