டிரெய்லருக்குப் புது டயர் என்று ஏழு வருஷப் பழசை மாட்டிவிட்டார்கள்: குமரி மாவட்டக்காரர்கள் கவனத்துக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கேம்பிங் டிரெய்லரோ, வருஷத்தில் பாதி நாள் வீட்டில் சும்மா கிடக்கும் வேறு வண்டியோ வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு டயர் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது. தவிர, இந்த வேலையை எந்த ஊர்க் கடையிலும் செய்ய முடியும்.

என்னுடையது ஒற்றை அச்சு வைத்த சின்ன டிரெய்லர். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றினால் 1,100 கிலோ வரும். பொலீரோவில் கட்டி இழுப்பேன். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. நடுவில் கிடைக்கும் நாட்களில்தான் கிளம்ப முடியும். மற்றபடி அழகியமண்டபத்தில் வீட்டுப் பக்கவாட்டில் நிற்கும். அதனால் டயர் தேய்வதே இல்லை. தரையில் படும் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் வயதாகிவிடும். இந்த மாதிரி வண்டிக்காரன்தான் பழைய சரக்கைத் தள்ளிவிடத் தோதான ஆள் என்பது கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பழைய டயர்களின் பக்கச் சுவரில் வெடிப்பு தெரிய ஆரம்பித்ததால், 2024 தை மாதம் நாகர்கோவிலில் ஒரு கடையில் இரண்டையும் மாற்றினேன். "நேத்துதான் ஸ்டாக் இறங்கிச்சு அண்ணாச்சி" என்றார்கள். கன்னங்கரேலென்று மின்னிக்கொண்டிருந்தன. விலை 8,400 ரூபாய். சீட்டில் "டயர் 2, புதியது" என்று எழுதி சீல் வைத்துக் கொடுத்தார்கள். டயரின் வரிசை எண் அதில் இல்லை. கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் எழுதுறதில்ல அண்ணாச்சி, எதுன்னாலும் நேரா வாங்க, நாங்க இங்கதானே இருக்கோம்" என்று பதில்.

இந்த வருஷம் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது, முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பி, ஆரல்வாய்மொழி வந்து சேர்வதற்குள் இடது பக்க டயர் போய்விட்டது. பஞ்சர் இல்லை. பட்டன் இருக்கும் மேல் பாகம் அப்படியே பட்டையாக உரிந்து, சுழன்று அடித்து, மட்கார்டைப் பிய்த்து, பின் விளக்கு வயரையும் இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. டிரெய்லர் இரண்டு பக்கமும் ஆடியது. பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு ஓரம் கட்டினேன்.

ஆரல்வாய்மொழியில் பஞ்சர் கடைப் பையன் வீலைக் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். "அண்ணே, இத யாரு புதுசுன்னு தந்தது?" டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் 3816. அதாவது 2016-ஆம் வருஷத்தின் 38-ஆவது வாரம் தயாரானது. வலது பக்கத்து டயரையும் கழற்றச் சொன்னேன். அதில் 1117. ஜோடி டயர் என்று வாங்கியவை வருஷத்தில்கூட ஒன்றுக்கொன்று சேரவில்லை. நேற்று இறங்கிய ஸ்டாக்கின் லட்சணம் இது.

இதில் சூட்சுமம் என்னவென்றால், பல டயர்களில் அந்த நான்கு இலக்கம் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். மறுபக்கத்தில் எழுத்து வரிசை இருக்கும், தேதி இருக்காது. தேதி உள்ள பக்கத்தை உள்ளே வைத்து ரிம்மில் ஏற்றிவிட்டால், வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்தால்தான் தெரியும். இரண்டு டயரிலுமே தேதி உள்பக்கம் போனதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அந்தப் பையன் இன்னொன்றையும் காட்டினான். டிரெய்லரோடு வந்த டயர் 165 ஆர் 13 சி, சரக்கு வண்டி வகை, சுமைக் குறியீடு 94. ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்று அர்த்தம். இவர்கள் மாட்டியது 175/70 ஆர் 13, குறியீடு 82. சின்னக் கார்களுக்குப் போடுவது, 475 கிலோதான் தாங்கும். இரண்டும் சேர்ந்து 950. என் வண்டி எடை 1,100. கொக்கி வழியாகக் கொஞ்சம் எடை பொலீரோவுக்குப் போகும் என்றாலும் கணக்கு சரிப்பட்டு வராது. அளவு ரிம்மில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

கடைக்குப் போனேன். முதலாளி டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வெயில்லயும் மழையிலயும் சும்மா போட்டா எந்த டயரும் இப்பிடித்தான் போகும். வீட்ல வச்சுக் கெடுத்துட்டு எங்ககிட்ட வந்தா எப்பிடி?"

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சும்மா நிற்கும் டயர் எப்படிக் கெடும் என்று தெரிந்துதான் நான் வண்டியை நிறுத்துகிறேன். டயர் ரப்பரில் ஓசோனைத் தடுக்கும் மெழுகு கலந்திருக்கும். வண்டி ஓடி டயர் நெளியும்போது அது மேலே கசிந்து வந்து பரவும். ஓடாமல் நின்றால் அந்தப் பாதுகாப்பு குறையும், வெயிலும் ஓசோனும் சேர்ந்து வெடிப்பு விழச் செய்யும். அதனால் என் டிரெய்லருக்குக் கூரை உண்டு. மேற்கு வெயில் படும் பக்கத்தில் வீல்களுக்கு வெளிர் நிறத் துணி உறை. மழைக்காலம் முழுக்க அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, டயர் தரையில் படாமல் தூக்கி வைத்திருப்பேன். (நான்கு மூலையிலும் உள்ள கால்களில் தூக்கி நிறுத்திவிடாதீர்கள். அவை வண்டி ஆடாமல் இருக்கத்தான், எடை தாங்க இல்லை.) தூக்காத மாதங்களில் டயருக்கு அடியில் பலகை, காற்று குறையாமல் கவனிப்பது, மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டி வேறு இடத்தில் நிறுத்துவது. கிணற்று மோட்டாரும் வெல்டிங்கும் ஓசோன் உண்டாக்கும் என்பதால் அந்தப் பக்கம் வண்டியை விடுவதில்லை. முட்டத்துக்கோ குளச்சலுக்கோ போய் வந்தால் உப்பு போக அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுவேன். தென்னைக்கு அடியில் நிறுத்துவதில்லை; அது டயருக்காக இல்லை, தேங்காய்க்குப் பயந்து.

வெயிலால் கெட்டிருந்தால் வெளிப்பக்கம்தான் அதிகம் வெடித்திருக்க வேண்டும். இதில் வெளிச்சமே படாத உள்பக்கத்திலும் அதே அளவு வெடிப்பு. போதாக்குறைக்கு, நான் எப்படி வைத்திருந்தாலும் 2024-இல் வாங்கிய டயரில் 2016 என்ற எண் எப்படி வரும்? இதைக் கேட்டதும் பேச்சு மாறியது. "பத்து வருஷம் வரைக்கும் ஓட்டலாம்னு கம்பெனியே சொல்லுது" என்றார். பல கம்பெனிகள் சொல்வதுதான். ஆனால் அது அதிகபட்ச எல்லை, ஐந்து வருஷம் தாண்டியதும் வருஷாவருஷம் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. இருட்டான, குளிர்ச்சியான குடோனில் ஒன்றிரண்டு வருஷம் இருந்த டயரை வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இவர்கள் கடை வாசலில் வெயிலில் மாலை மாதிரித் தொங்கவிட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மேலே அடித்திருந்த பாலிஷ் வெடிப்பை மறைத்துவிட்டது. பெட்ரோலிய எண்ணெய் கலந்த பாலிஷ் அந்தப் பாதுகாப்பு மெழுகையே கரைத்துவிடும் என்பது வேறு. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே கிரேடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதே ரப்பர் டயராகி வந்தால் பாலிஷைப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டு வருகிறோம்.

இனி டயர் வாங்கப் போனால், ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே இரண்டு பக்கச் சுவரையும் துணியால் துடைத்துப் பார்த்து, அந்த நான்கு இலக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி வெளிப்பக்கம் வருகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள். சில டயர்களில் "வெளிப்பக்கம்" என்று அச்சிட்டோ சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டோ இருக்கும், அவற்றில் மட்டும் மாற்ற முடியாது. சுமைக் குறியீடு, பழைய டயரில் உள்ளதற்குக் குறையவே கூடாது. ஜிஎஸ்டி பில்லில் டயரின் பெயர், அளவு, வரிசை எண் மூன்றும் வரவேண்டும். எழுத மாட்டோம் என்றால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். அதில் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருஷச் சட்டப்படி பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போடவேண்டும். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. என் சீட்டில் "புதியது" என்று அவர்களே எழுதிக் கொடுத்தது இப்போது எனக்கு உபயோகப்படுகிறது.

போன வாரம் அந்தக் கடையிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். வேறு டயர் சும்மா தருகிறோம், பழைய இரண்டையும் கொடுத்துவிடுங்கள் என்று. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களிடமும் இப்படிக் கேட்பார்கள். பணம் கைக்கு வந்து, எழுத்தில் முடிகிறவரை அந்த டயரை எந்தக் காரணத்துக்காகவும் திருப்பிக் கொடுக்காதீர்கள். தேதி அதில்தான் இருக்கிறது.