தமிழும் லத்தீனும் கலந்த பைல் கொண்டு போகிறவர்களுக்கு: திருகோணமலையில் ஒரு டைப்செட்டிங் கடை

கடையின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அந்த அக்காவின் முகத்தில் இன்னும் பல தடவை முழிக்க வேண்டியும் இருக்கிறது. திருகோணமலை டவுன், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். வெளியே போட்டோகொப்பி, லேமினேட்டிங், ரீலோட் என்று போர்டு, உள்ளே இரண்டு பழைய கம்பியூட்டர், ஒரு பைண்டிங் மேசை, எந்த நேரமும் பசை வாசம். வாசலில் மான் வந்து நிற்கும். ஒருநாள் என் பிழைப் பிரிண்ட் ஒன்று காற்றில் வெளியே பறக்க, ஒரு மான் அதை ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது.

ஒரே மாதத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வேலை அந்தக் கடைக்குப் போனது. நான் உயர்தரத்துக்கு பௌதிகவியல் படிப்பிக்கிறேன், பாடசாலை விஞ்ஞான மலருக்கு மீகடத்திகள் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருட்கள்) பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். தங்கச்சி கோணேசபுரி கம்பஸில் சித்த மருத்துவம், அவளுடையது ஒரு மூலிகைக் கையேடு. மச்சாள் டொக்டர், பெண்நோயியல் பிரிவில் ஒரு ஆராய்ச்சி செய்கிறா. நோயாளிகளுக்குக் கொடுக்கும் தகவல் தாளும் சம்மதப் படிவமும் தமிழில் வேண்டும், அதைப் பார்க்காமல் நெறிமுறைக் குழு அனுமதி கொடுக்காது.

முதல் பிரச்சினை பொன்ட். நாங்கள் எல்லோரும் யூனிகோடில் டைப் பண்ணிக் கொண்டு போகிறோம், கடையில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய பொன்டும். கம்பியூட்டரில் இருக்கும் தம்பி முழுப் பக்கத்தையும் செலக்ட் பண்ணி ஒரே அமுக்கில் பாமினிக்கு மாற்றிவிடுவார். தமிழ் சரியாக வரும், ஆனால் நடுவில் ஆங்கில எழுத்தில் இருந்ததெல்லாம் பாமினி விசைப்படி தமிழாகிவிடும். வெப்பநிலை அலகான கெல்வினுக்குக் குறி கப்பிட்டல் 'கே', பாமினியில் அதை அடித்தால் 'மு' வரும். அதனால் என் கட்டுரையில் லைடன் நகரில் கமர்லிங் ஒன்னஸ் 1911 இல் பாதரசத்தைக் குளிரவைத்து, அதன் மின்தடை திடீரென்று இல்லாமல் போனதைக் கண்டது 4.2 கெல்வினில் அல்ல, '4.2 மு'வில். திரவ நைதரசனின் கொதிநிலை '77 மு'. ஏதோ முழம் கணக்கு மாதிரி இருந்தது.

தங்கச்சியின் பாடு இதைவிட மோசம், அவளுடைய கையேட்டில் வரிக்கு வரி லத்தீன். சரக்கொன்றைக்கு லின்னேயஸ் 1753 இல் வைத்த பெயர் கசியா பிஸ்டுலா. அது பிரிண்டில் 'ஊயளளயை களைவரடய' என்று வந்தது, அதுவும் அழகாகச் சரிந்த எழுத்தில். மூலிகைப் புத்தகத்தில் களை வந்துவிட்டதே என்று அவள் அழுவதா சிரிப்பதா தெரியாமல் நின்றாள். லத்தீன் பெயர் மட்டும் வேறு பொன்டில் இருக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்த பிறகு தம்பி கையேடு முழுக்க ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினார், அதற்குத் தனிக்காசு கேட்கவில்லை. அது நல்ல விஷயம்.

ஆனால் தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு சொல்லை மாற்றச் சொன்னால், ஆவணம் முழுக்க ஒரே தடவையில் மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

ஆவாரையின் பெயர் முன்பு கசியா ஓரிகுலாட்டா. கசியா என்ற பெரிய சாதியை (தாவரவியல் சாதிதான், வேறு நினைக்காதீர்கள்) 1982 இல் இர்வினும் பார்னெபியும் உடைத்து, நிறைய இனங்களை சென்னா, கமேக்ரிஸ்டா என்ற சாதிகளுக்குள் கொண்டுபோனார்கள். ஆவாரை இப்போது சென்னா ஓரிகுலாட்டா. பழைய நூல்களைப் பார்த்து எழுதியதால் தங்கச்சி கசியா என்றே போட்டிருந்தாள், கம்பஸில் மேடம் சிவப்பு மையால் சுற்றிவிட்டார். கடைக்குப் போய் 'இதில் கசியாவை சென்னா ஆக்குங்கள்' என்று சொன்னாள். தம்பி ஆக்கினார், எல்லாவற்றையும். பிரிந்து போகாமல் கசியாவிலேயே தங்கிவிட்ட சரக்கொன்றையும் சேர்ந்து சென்னாவாகிவிட்டது. சிவபெருமானுக்குச் சூட்டும் பூவை கோணேசர் இருக்கிற ஊரிலேயே சாதி மாற்றிவிட்டோம்.

இதைக் கண்டுபிடித்தது மேடமும் இல்லை, தங்கச்சியும் இல்லை. பைண்டிங் மேசையில் இருக்கும் அக்கா. அவருக்குத் தாவரவியல் தெரியாது, சாதாரண தரம் வரைதான் படித்ததாகச் சொன்னார். ஆனால் எந்த வேலையும் பைண்டிங்குக்குப் போகமுன் பென்சிலோடு உட்கார்ந்து பழைய பிரிண்டையும் புது பிரிண்டையும் வரிவரியாக ஒப்பிடுவார், விளங்காத இடத்தில் வட்டம் போடுவார். தானாகத் திருத்தவே மாட்டார். "தங்கச்சி, சரக்கொன்றைக்குப் படத்துக்குக் கீழ ஒரு பேர், பட்டியலில வேற பேர். எது சரி?" அவ்வளவுதான் கேட்டார். படத்துக்குள் இருந்த எழுத்தைத் தம்பியின் அமுக்கு தொடவில்லை, அதனால் தப்பியது.

என் கட்டுரையில் நடந்தது இன்னும் விசேஷம். மீகடத்தி வரலாற்றில் ஒரு டைப்பிங் கதை உண்டு, மாணவர்களுக்குப் பிடிக்குமென்று சேர்த்திருந்தேன். 1986 இல் ஐபிஎம்மின் சூரிச் ஆய்வகத்தில் பெட்னோர்ஸும் முல்லரும் செப்பு ஒட்சைட்டு ஒன்றில் 30 கெல்வினுக்கு மேல் மீகடத்தலைக் காண, அடுத்த வருடமே போல் சூவும் மாவ்-குவென் வூவும் இட்ரியம், பேரியம், செப்பு சேர்ந்த ஒட்சைட்டில் 93 கெல்வினைத் தொட்டுவிட்டார்கள். அது 77க்கு மேல், அதாவது விலை கூடிய திரவ ஹீலியம் தேவையில்லை, திரவ நைதரசனே போதும். இதை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதியில் இட்ரியத்துக்குப் பதில் இட்டர்பியம் என்ற வேறொரு மூலகத்தின் பெயர் இருந்தது. ஆங்கிலக் குறியீட்டில் வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து, 'ஒய்'க்குப் பக்கத்தில் ஒரு 'பி'. செய்தி எப்படியோ கசிந்து, இட்டர்பியத்தைத் தேடிப்போன ஆய்வகங்களும் உண்டு. அச்சுக்கு முன் அது திருத்தப்பட்டது. செக்ரட்டரியின் டைப்பிங் பிழை என்றார் சூ, களவு போகாமலிருக்க வேண்டுமென்றே செய்தது என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். தம்பி பார்த்திருக்கிறார், ஒரு பக்கத்தில் பல இடத்தில் இட்ரியம், சில இடத்தில் இட்டர்பியம். சேர் எழுத்துப்பிழை விட்டிருக்கிறார் என்று நினைத்து எல்லாவற்றையும் இட்ரியமாக்கிவிட்டார். புரூஃப் வந்தபோது அக்காவின் பென்சில் வட்டம் அந்த வரியில் இருந்தது. "சேர், இட்ரியத்துக்குப் பதில் இட்ரியம் எண்டு கிடக்குது. அதே சாமான்தானே, பிறகு என்ன பிழை?" எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. டைப்பிங் பிழை பற்றிய கதைக்குள்ளேயே டைப்பிங் திருத்தம்! அவர் கேட்டிராவிட்டால் மலர் அப்படியே அச்சாகி, என் சக ஆசிரியர்கள் வருடக்கணக்கில் பகிடி பண்ணியிருப்பார்கள்.

மச்சாளின் தகவல் தாளில் தம்பி பெரிதாக ஒன்றும் கெடுக்கவில்லை, 'கருப்பை' வரி முடிவில் 'கருப்' என்று ஒடிந்து அடுத்த வரியில் 'பை' என்று தனியாகத் தொங்கியதைத் தவிர. அது கருப்பை அகற்றும் சத்திரசிகிச்சை பற்றிய தாள்: வயிற்றில் பெரிய வெட்டு, யோனி வழி, சிறு துளைகள் போட்டுக் கமரா விட்டுச் செய்யும் லப்பரோஸ்கோப்பி என்று மூன்று வழியையும் சொல்கிறது. மூன்றாவதின் கீழே 'சத்திரசிகிச்சைக்குப் பின் தோள்மூட்டில் வலி இருக்கலாம்' என்று ஒரு வரி. அக்கா அதை வட்டம் போட்டு, பக்கத்தில் 'வயிறு?' என்று எழுதி வைத்திருந்தார். வயிற்றில் ஒப்பரேஷன், தோள் ஏன் நோக வேண்டும், வேறு பேப்பரிலிருந்து ஒட்டுப்பட்ட வரியாக்கும் என்று நினைத்திருக்கிறார்.

மச்சாள் முதலில் சிரித்தா, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டா. உள்ளே இடம் தெரிவதற்காக வயிற்றைக் காபனீரொட்சைட்டு வாயுவால் ஊதுவார்கள், மிச்சமிருக்கும் வாயு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் உதரவிதானத் தசையை உறுத்தும், அதன் நரம்பும் தோளின் உணர்வும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் மூளைக்குத் தோள் நோவதுபோல் தெரியும். டொக்டர்மாருக்கு இது சோறு தின்கிற மாதிரி, அதனால் விளக்கவேண்டும் என்றே தோன்றவில்லை. "இவவே கேக்கிறா எண்டால் என்ர பேஷன்ட் கேக்காமலா இருப்பினம்" என்று அங்கேயே நின்று இரண்டு வரி சேர்த்தா. கூடவே, சூலகத்தை எடுக்காமல் கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நின்றாலும் ஓமோன் சுரப்பு தொடரும் என்பதையும் போட்டா. அதையும் அக்கா கேட்டிருந்தார், ஆனால் பென்சிலால் இல்லை, மெதுவாக, காதுக்குள்.

இனி குறைகள். செவ்வாய் என்றால் வெள்ளி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பென்ட்ரைவ் கொண்டு போகாதீர்கள், என்னுடையதில் போல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறி வந்தது, ஈமெயிலில் அனுப்புங்கள். கார்ட் எடுக்கமாட்டார்கள். முதுகில் பொன் எழுத்து அடிக்கும்போது நீண்ட தலைப்பு கோணலாகிறது, தங்கச்சியின் இரண்டாவது பிரதி அப்படித்தான். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடிக்காதது, ஆட்களின் பைல்கள் டெஸ்க்டொப்பிலேயே கிடப்பது. மச்சாளுடையது வெற்றுப் படிவம், பரவாயில்லை. நோயாளி விபரம் உள்ள எதையும் அங்கே கொடுக்காதீர்கள். மற்றதையும் முடிந்ததும் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், சொன்னால் மறுப்புச் சொல்லாமல் அழிக்கிறார்கள்.

விலை மற்ற இடங்களை விடக் கொஞ்சம் கூடத்தான், புரூஃப் பார்ப்பதற்கென்று தனியாக எடுப்பதில்லை என்பதால் நான் முணுமுணுக்கவில்லை. காலையில் போங்கள். அக்கா மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போய் மூன்று மணிக்குத்தான் திரும்பி வருவார், அந்த இடைவெளியில் தம்பி "தாங்கோ சேர், இப்பவே முடிச்சுத் தாறன்" என்று கை நீட்டுவார். கொடுக்காதீர்கள்.